அணியின் பெயர் தெரிகிறது, அப்புறம் என்ன எழுதுவது?

கேள்வி: நான் 11ஆம் வகுப்பு மாணவன். கவிதை என்றால் பிடிக்கும். ஆனால் 'இலக்கிய நயம் பாராட்டுக' என்று தேர்வில் வந்தால், மோனை, எதுகை, அணி எல்லாவற்றையும் கண்டுபிடித்து எழுதியும் பாதி மதிப்பெண்தான் வருகிறது. 'விளக்கம் போதாது' என்று ஆசிரியர் எழுதிவிடுகிறார். கண்டுபிடித்த பிறகு எதை விளக்குவது? உரைநூலை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நீ பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாய். மீதிப் பாதிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த அணியை எடுத்துவிட்டால் பாட்டில் எது காணாமல் போகும்? அதற்கு நீ எழுதும் பதில்தான் ஆசிரியர் கேட்கிற விளக்கம்.

உனக்குத் தெரிந்த குறளிலேயே பார்க்கலாம்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.

உவமை அணி. 'போல' உவம உருபு. இவ்வளவும் நீ எழுதிவிடுவாய். இப்போது உவமையை எடுத்துவிட்டு உரைநடையில் சொல்லிப் பார்: 'நம்மை இகழ்கிறவர்களைப் பொறுத்துக்கொள்வது சிறந்தது.' கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் ஏதோ போய்விட்டது, இல்லையா? போனது எது என்று தேடு.

நிலம் எல்லாரையும்தான் தாங்குகிறது. நடப்பவரை, படுப்பவரை, வீடு கட்டுபவரை. வள்ளுவர் ஏன் தோண்டுபவரைப் பிடித்தார்? தோண்டுபவர் நிலத்தைக் காயப்படுத்துகிறவர். அதுவும், வெட்டுகிற அந்த நொடியில் அதே நிலத்தின் மேல்தான் நிற்கிறார். நிலம் விலகிக்கொண்டால் ஆள் விழுந்துவிடுவார். விலகவில்லை. ஆக, பொறுமை என்றால் பதிலுக்குத் திட்டாமல் இருப்பது மட்டும் இல்லை, நம்மைப் புண்படுத்துகிறவரை அந்த நேரத்திலும் விழவிடாமல் பிடித்துக்கொள்வது என்று ஆகிறது. நம் உரைநடை வாக்கியத்தில் இது எங்கே இருக்கிறது? உவமைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து எதுகை. அகழ்வார், இகழ்வார். 'இரண்டாம் எழுத்தாகிய க ஒன்றி வந்ததால் அடி எதுகை' என்று எழுதி நிறுத்திவிடாதே. இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். முதல் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. மண்வெட்டி செய்யும் வேலையையும் நாக்கு செய்யும் வேலையையும் ஓசையாலேயே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். எதுகையும் உவமையும் இங்கே ஒரே காரியத்தைச் செய்கின்றன. இதை இரண்டு வரியில் எழுதினால் உன் விடை மற்ற விடைத்தாள்களிலிருந்து தனியாகத் தெரியும்.

'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை', 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்றெல்லாம் தலைப்புக்குத் தலைப்பு எழுதுகிற பழக்கம் உனக்கும் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கும் ஒட்டும் என்பதுதான் அதில் உள்ள கோளாறு. நீ எழுதிய வாக்கியத்தை அப்படியே வேறொரு பாட்டின் கீழ் வைத்துப் பார். அங்கேயும் பொருந்தினால் தயங்காமல் அடித்துவிடு.

அணிகளின் பெயரில் குழப்பம் வந்தால் இரண்டு விஷயத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். உவமை, உவமேயம் (உவமையால் விளக்கப்படும் பொருள்) இரண்டும் இருந்து உருபும் வெளிப்படையாக இருந்தால் உவமை அணி. இரண்டும் இருந்து, உருபு மட்டும் இல்லாமல் தனித்தனி வாக்கியமாக நின்றால் எடுத்துக்காட்டு உவமை. உவமையை மட்டும் சொல்லி, சொல்லவந்த பொருளை நம்மிடமே விட்டுவிட்டால் பிறிது மொழிதல். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற குறளில் பகைவர் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அது இருப்பது பகைவரின் வலிமையையும் அளந்தறியச் சொல்லும் 'வலியறிதல்' அதிகாரத்தில். உவமையையும் உவமேயத்தையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டால் உருவகம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது, பள்ளித் தேர்வுக்கு அதில் ஒரு பங்குதான் வரும். பயப்பட வேண்டாம்.

உவமையில் என்ன ஒற்றுமை என்று எழுத வராவிட்டால், தொல்காப்பியர் தரும் நான்கையும் கேட்டுப் பார்: வினை, பயன், மெய், உரு. செயலில் ஒற்றுமையா, பயனிலா, வடிவத்திலா, நிறத்திலா? மேலே பார்த்த குறளில் வினை. தாங்குவதும் பொறுப்பதும்.

புதுக்கவிதை வந்தால் பலர் திணறுகிறார்கள். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, எதைப் பிடிப்பது என்று. இந்த நான்கு வரியைப் பார் (உனக்காக நானே எழுதியது, பெரிதாக எதிர்பார்க்காதே):

பூட்டிய வீடு.
வாசலில் கிடந்த செய்தித்தாளைப்
பக்கம் பக்கமாகப் படிக்கிறது
காற்று.

காற்றில் தாள் புரள்வது இயல்பாக நடப்பது. அதைப் 'படிக்கிறது' என்று சொல்வது கவிஞர் ஏற்றிய குறிப்பு. ஆகவே தற்குறிப்பேற்றம் என்று சொல்லலாம். சரி, எடுத்துவிட்டால் என்ன போகும்? 'காற்றில் செய்தித்தாள் புரள்கிறது' என்று ஆகிவிடும், படிக்க அங்கே ஆள் இல்லை என்ற ஏக்கம் போய்விடும். இன்னொன்று, 'காற்று' என்ற சொல் கடைசியில் தனியாக நிற்கிறது. அதுவரை யாரோ உட்கார்ந்து படிப்பதாக நினைக்கிறோம், கடைசிச் சொல்லில் ஏமாறுகிறோம். புதுக்கவிதையில் வரி உடையும் இடமும் சொல் நிற்கும் வரிசையும்தான் பல நேரம் எதுகை மோனையின் வேலையைச் செய்கின்றன. அதையும் நயம் என்றே எழுது.

தேர்வு அறையில் பாட்டைப் பார்த்ததும் எழுதத் தொடங்காதே. இரண்டு முறை மனசுக்குள் ஓசையோடு படி. மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள். அப்புறம் கண்ணில் படும் எல்லா மோனையையும் அடுக்காமல், அந்த மையக் கருத்துக்கு உதவுகிறவற்றை மட்டும் எடு. ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், பெயர், அது செய்யும் வேலை என்று மூன்றும் இருக்கட்டும். சந்தம், இயைபு (அடிகளின் இறுதி ஓசை ஒன்றி வருவது) என்று தலைப்புக் கொடுத்திருந்தால் அவற்றுக்கு ஓரிரு வரி போதும்.

உரைநூலைக் கேட்டிருந்தாய். தாராளமாக வைத்துக்கொள். ஆனால் முதலில் நீயாக ஒரு பாட்டை உரைநடையாக்கி, என்ன போனது என்று நாலு வரி எழுதிவிட்டு, பிறகு திறந்து பார். அணியின் பெயரை நீ மாற்றி எழுதியிருந்தால் திருத்திக்கொள். விளக்கம் வேறாக இருந்தால், உன்னுடையதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறதா என்று பார். இருந்தால் மாற்றாதே, அதையே ஆசிரியரிடம் காட்டு.