பூம் லிப்டில் ஏறும் தம்பிக்கு

தம்பி, நுவரெலியாவில் ஹோட்டல் சுவருக்கு வர்ணம் பூச, நீண்ட இயந்திரக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள பூம் லிப்டில் ஏறுவதாகவும், "கூடையைச் சுற்றித் தடுப்புக் கம்பி இருக்கிறது, உடலில் பாதுகாப்புப் பட்டி எதற்கு?" என்று மேற்பார்வையாளர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது தவறு. கீழே சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலே போதும், மேலே கூடை உங்களைக் கவண்கல்லாக வெளியே எறிந்துவிடும். முழு உடல் பட்டியின் குட்டைக் கயிற்றைக் கூடைக்குள் இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். கட்டடத்தில் மாட்டவே வேண்டாம்.

அதைவிட எனக்குப் பயம் இயந்திரம் நிற்கும் நிலம்தான். மலையை வெட்டி நிரப்பிய மண் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே களியாக இருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் சக்கரத்தடம் அழுந்துகிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். காற்றையும் கவனியுங்கள்: வெளி வேலைக்கான பெரும்பாலான இயந்திரங்களுக்குக் காற்று வேக வரம்பு நொடிக்கு 12.5 மீற்றர். கீழிருந்து கூடையை இறக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் ஏற மறுத்துவிடுங்கள். வற்புறுத்தினால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.