சட்பரி வேலி பள்ளியின் தலைமையாசிரியர் யார்? என் கட்டுரைக்கு அவர் பெயர் வேண்டும், கிடைக்கவில்லை. நீல் என்பவரா?

சட்பரி வேலிக்குத் தலைமையாசிரியரே கிடையாது, அதனால்தான் உங்கள் கட்டுரைக்குப் பெயர் சிக்கவில்லை. 1968-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் தொடங்கிய இந்தப் பள்ளியில் அன்றாட நிர்வாகம் வாராந்தரப் பள்ளிக் கூட்டத்தின் கையில். நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. அடுத்த ஆண்டு எந்த ஆசிரியர் தொடர்வார் என்பதும் ஓட்டெடுப்பில்தான் முடிவாகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நீங்கள் சொன்ன நீல், இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளியைத் தொடங்கியவர். இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் குறிப்பில் விடுதி பற்றி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சம்மர்ஹில்தான். சட்பரி வேலியில் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பிவிடுவார்கள்.

ஒன்று மட்டும்: பட்ஜெட், கட்டணம் இரண்டும் பெற்றோரும் சேர்ந்த பேரவையில் முடிவாகும். அப்புறம், சட்பரி முறையில் இயங்கும் மற்ற பள்ளிகள் இதன் கிளைகள் அல்ல. அங்கே விதிகள் மாறலாம்.