சுடுவதும் சுட்டுவதும்

கேள்வி: ஜெஃப் கூன்ஸ் மாதிரியான சிற்பிகள் யாரோ செய்த பொம்மையையும் யாரோ எடுத்த படத்தையும் சுட்டு, பெரிதாக்கி, கோடிக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். சுட்ட பொருளுக்கு எப்படி இவ்வளவு மதிப்பு வருகிறது?

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு முறை 'சுட்டு' விட்டீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. சுடுவது என்றால் அடுத்தவருடையதை எடுத்துக்கொள்வது. நடுவில் ஒரு 'ட்' சேர்த்துப் பாருங்கள், சுட்டுவது என்றாகிவிடும். பள்ளிக்கூடத்தில் அ, இ, உ என்று படித்தோமே, அந்தச் சுட்டு. 'இதைப் பார்' என்று விரலை நீட்டுவது. கடைப்பொருளையும் விளம்பரத்தையும் எடுத்துக் கலையாக்கும் பாப் கலையில் எது தேறும், எது தேறாது என்று நான் பார்ப்பது இந்த ஒற்றெழுத்தை வைத்துத்தான்.

1964-ல் நியூயார்க்கின் ஸ்டேபிள் கேலரியில் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் பிரில்லோ பெட்டிகளை அடுக்கி வைத்தார். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நார் வரும் அட்டைப்பெட்டியை அப்படியே ஒட்டுப்பலகையில் செய்து, மேலே அச்சடித்தது. பார்க்க வந்த அத்தனை பேருக்கும் அது பிரில்லோ என்று தெரியும். தினமும் கண்ணில் பட்டும் கவனிக்காமல் விட்ட ஒன்றை அவர் கவனிக்க வைத்தார். அது சுட்டுவது.

இப்போது கூன்ஸுக்கு வருவோம். ஆர்ட் ராஜர்ஸ் என்ற புகைப்படக்காரர் 1980-ல் ஒரு படம் எடுத்தார். ஒரு கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவர் மடியிலும் கை நிறைய எட்டு நாய்க்குட்டிகள். கறுப்பு வெள்ளைப் படம். பிறகு அது வாழ்த்து அட்டையாக அச்சாகி விற்றது. கூன்ஸ் அந்த அட்டையை வாங்கினார். உரிமை ராஜர்ஸுடையது என்று அச்சிட்டிருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, மிச்சத்தை இத்தாலியில் இருந்த மரச்சிற்பப் பட்டறைக்கு அனுப்பினார். படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்பது பட்டறைக்குப் போன குறிப்பு. நாய்க்குட்டிகளுக்கு நீல நிறம், மனிதர்கள் தலையில் பூ, அவ்வளவுதான் அவர் சேர்த்தது. 1988-ல் காட்சிக்கு வைத்து, 3 பிரதிகளை மொத்தம் 3,67,000 டாலருக்கு விற்றார். பத்திரிகையில் வெளியான சிற்பத்தின் படத்தைப் பார்த்த ஒருவர், ராஜர்ஸின் போட்டோவுக்கே வண்ணம் பூசிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். விஷயம் ராஜர்ஸ் காதுக்குப் போனது அப்படித்தான்.

ராஜர்ஸ் தொடுத்த வழக்கில், இது சமூகத்தின் மலிவான ரசனையைப் பகடி செய்வது என்று கூன்ஸ் தரப்பு வாதாடியது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பகடி என்றால் எடுத்துக்கொண்ட படைப்பையே, ஓரளவாவது, பகடி செய்ய வேண்டும். அந்த மூலப் படைப்பு ஒன்று இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவும் வேண்டும். எனக்கு அந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம். அட்டையின் ஓரத்தைக் கிழித்த கை எதையும் சுட்டிக்காட்ட வந்த கை இல்லை.

நன்னூலில், முன்னோர் நூலைத் தழுவி எழுதும் வழிநூலுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்னோர் சொன்னதோடு ஒத்துப்போய், 'பின்னோன் வேண்டும் விகற்பம்' கூற வேண்டும். எடுப்பது தப்பில்லை, பின்னால் வந்தவன் என்ன மாற்றினான் என்பதுதான் கேள்வி. அமெரிக்க நீதிமன்றங்கள் இப்போது பக்கம் பக்கமாக அலசுவதும் கிட்டத்தட்ட இதைத்தான். பவணந்தியார் ஒரே அடியில் முடித்துவிட்டார்.

இந்த அளவுகோலை வைத்தால் அதே கூன்ஸின் 1986-ஆம் வருட 'முயல்' தேறிவிடும். காற்றடித்த பிளாஸ்டிக் முயலைத் துருப்பிடிக்காத எஃகில் வார்த்தது. பிளாஸ்டிக் மடிந்த இடத்துச் சுருக்கம் வரை எஃகில் அப்படியே இருக்கிறது. ஊதினால் பறக்கும் என்று கண் சொல்கிறது, கனக்கும் என்று புத்தி சொல்கிறது. முயலுக்குக் கண்ணும் இல்லை வாயும் இல்லை. குனிந்து பார்த்தால் பளபளக்கும் அந்த முகத்தில் தெரிவது பார்க்கிறவர் முகம். பொம்மை கொடுக்காத ஒன்றை எஃகு கொடுக்கிறது. இது விகற்பம்.

அந்த முயல் 2019-ல் 9.11 கோடி டாலருக்கு ஏலம் போனது. நீங்கள் கேட்ட மதிப்பு வேறு, இந்த விலை வேறு. மொத்தம் 3 பிரதியும் கலைஞருக்கான ஒன்றும்தான் இருக்கின்றன. பணம் படைத்த இரண்டு பேர் ஒரே நாளில் ஆசைப்பட்டால் விலை எங்கே வேண்டுமானாலும் போகும். அதைக் கலையின் கணக்கில் எழுத வேண்டாம்.

என்னைக் கோபப்படுத்துவது விலை இல்லை. கூன்ஸ் பலூன் நாயையும் எஃகுச் சிற்பமாகச் செய்திருக்கிறார். 2010 கடைசியில், பலூன் நாய் வடிவத்தில் புத்தகத் தாங்கி விற்ற சான்பிரான்சிஸ்கோ கடைக்கு கூன்ஸின் வக்கீல்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். பலூனை முறுக்கி நாய் செய்வது கோமாளிகளின் பழைய வித்தை. கோமாளிகளிடமிருந்து எடுத்தவர், அடுத்தவர் எடுக்கும்போது தடுக்கிறார். நல்லவேளை, அடுத்த வருடமே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள்.

அப்புறம், பெயர். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதும் விஷயம்தான், இன்னொரு முறையும் எழுதுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாத இதழ் எங்கள் புகைப்படக்காரரின் படத்தை எடுத்துப் போட்டது. மூலையில் இருந்த அவர் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். மூன்று கடிதம் எழுதினேன். பெயர் போட இடமில்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது. அந்த இதழோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. பாப் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் 1962-ல் துணியில் செய்த ராட்சத ஹாம்பர்கரைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அதைத் தைத்தது அப்போது அவர் மனைவியாக இருந்த பாட்டி முகா (Patty Mucha) என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

நான் மேலே புகழ்ந்த பிரில்லோவும் இதில் தப்பாது. அந்த அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. பிழைப்புக்குப் பெட்டி வரைந்தார், மற்ற நேரத்தில் அரூப ஓவியம் தீட்டினார். அவரும் நியூயார்க் ஓவியர்தான். வார்ஹோலின் கண்காட்சிக்கு அடுத்த வருடம், 1965-ல் இறந்துபோனார். 2010-ல் வார்ஹோலின் பிரில்லோ பெட்டி ஒன்று 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. வார்ஹோல் பெட்டியைச் சுட்டினார், சரி. பெட்டிக்குப் பின்னால் நின்ற ஆளையும் சுட்டியிருக்கலாம்.

இந்தப் பதிலோடு பிரில்லோ பெட்டியின் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெயர் வந்தால் வரி நீளும் என்று வடிவமைப்பாளர் சொன்னார். எழுத்தைச் சின்னதாக்குங்கள் என்றேன். கீழே பாருங்கள், ஹார்வி பெயர் முதலில் இருக்கும்.