பனை முத்திரை சார்முக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறேன். 'பொன்னியின் செல்வன்' நாவலின் மீதுள்ள பற்றினால், அதில் வரும் பனை முத்திரை, வால்நட்சத்திரம், பூங்குழலியின் படகு ஆகியவற்றை பாலிமர் களிமண்ணில் சிறு சார்ம்களாக (சங்கிலியிலோ பையிலோ தொங்கவிடும் குட்டி அலங்காரப் பொருள்களாக) செய்து, ஒன்று 150 ரூபாய்க்கு மாதம் 30 வரை விற்கிறேன். ஒன்றுக்குப் பொருட்செலவு 45 ரூபாய், பெட்டிக்கு 15 ரூபாய், உழைப்பு ஒன்றரை மணி நேரம். பத்தில் இரண்டு வீணாகிவிடும். பித்தளையில் வார்க்கும் கருவிகள் வாங்க நகையை அடகு வைத்து 1,50,000 ரூபாய் வாங்கலாமா? திரைப்பட வடிவங்களையும் செய்ய விரும்புகிறேன்.

பதில்: அன்புச் சகோதரி, இப்போது நகையை அடகு வைக்க வேண்டாம். பத்துச் செய்து எட்டுத்தான் தேறுகிறது என்பதால், தேறிய ஒவ்வொன்றின் பொருட்செலவு ஏறத்தாழ 56 ரூபாய், உழைப்பு ஏறத்தாழ 1 மணி 53 நிமிடம். பெட்டிச் செலவும் போக மிஞ்சுவது 79 ரூபாய், அதாவது மணிக்கு 42 ரூபாய். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாத வட்டி மட்டும் 1,500 ரூபாய். முப்பதில் பத்தொன்பது சார்ம்களின் மிச்சம் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். இத்தனை நுணுக்கமான கைவேலைக்கு இந்தக் கூலி மிகக் குறைவு என்பது என்னை வருத்துகிறது. விலையை 250 ரூபாயாக உயர்த்துங்கள். மணிக்கு 95 ரூபாய் கிடைக்கும், வாங்குபவர் சிலர் குறைந்தாலும் நட்டமில்லை.

பித்தளை வடிவம் வேண்டுமென்றால், மூல அச்சை மட்டும் நீங்கள் செய்து, வார்ப்பைக் கூலிக்கு ஒரு பட்டறையில் கொடுத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று தொடங்கும் கதை என்பதால் ஆடி மாதத்தில் கேட்பவர் கூடலாம். அதற்கு முன் ஐம்பது உருப்படி வார்த்து விற்றுப் பார்த்தால் கருவி தேவையா என்பது தெரிந்துவிடும். தேவைதான் என்றால், சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கிடைக்கும் கடனை முதலில் வங்கியில் கேளுங்கள்.

உரிமை பற்றிய செய்தியும் பணம் பற்றியதே. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் என்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, நாவலுக்கான உரிமை 2014 முடிவில் தீர்ந்துவிட்டது. எனவே எழுத்தில் உள்ள வருணனையைப் படித்து நீங்களே கற்பனை செய்யும் பனையும் படகும் உங்களுடையவை. ஆனால் நாவல் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த ஓவியங்கள் தனிப் படைப்புகள். எழுத்து பொதுவுடைமை ஆனதால் அவையும் ஆகிவிட்டன என்று கொள்ளக் கூடாது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த படங்களின் அணிகலன், எழுத்துரு, நடிகர் முகம் எதையும் அனுமதியின்றி எடுக்காதீர்கள். ஒரே ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலும், செய்து வைத்த சரக்கு முழுவதும் முடங்கிவிடும்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும்வரை, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். இன்று முதல் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கும் தினச் சிட்டையும் (அன்றாட வரவு செலவுக் குறிப்பு) வையுங்கள். பர்மா வரை சென்று வணிகம் செய்த உங்கள் ஊர்க்காரர்கள் ஐந்தொகை (கணக்கு முடிக்கும் மொத்தப் பட்டியல்) போட்டதைப் போலவே, வீணானவற்றையும் இருப்பில் உள்ளவற்றையும் மாதக் கடைசியில் எழுதுங்கள். மூன்று மாதச் சிட்டையோடு மீண்டும் எழுதினால், கடன் தொகையை அதிலிருந்தே கணக்கிட்டுச் சொல்கிறேன்.