வாசகர் கேள்வி பதில்: தாத்தா பெட்டில கெடந்த தகர வில்லை

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல நம்ம இலங்கை மலைநாட்டு சங்கதிதான். அதனால வெளிநாட்டு அதிசயம் கேட்டவங்களுக்கெல்லாம் அடுத்த மாசம் பதில் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: செத்துப்போன தாத்தாவோட பழைய ட்ரங்குப் பெட்டிய கிளறுனப்ப சின்னதா ஒரு தகர வில்லை கெடைச்சுது. மேல ஒரு ஓட்டை, நடுவுல எழுத்தும் நம்பரும் அடிச்சிருக்கு. பழைய காசுன்னு அப்பா சொல்றாரு. காசுதானா?
(ஒரு வாசகி, மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, மொதல்ல அதை எங்கயும் வீசிடாதீங்க, புளி போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கவும் வேணாம். நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது பெரும்பாலும் டின் டிக்கட்டா இருக்கணும். 1900களோட தொடக்கத்துல வந்த முறை அது. ஆள் சேர்க்க இந்தியாவுக்கு போற கங்காணி இந்த வில்லைங்கள கையோட கொண்டு போவாரு, ஒவ்வொண்ணுலயும் எந்தத் தோட்டம்னு தெரியிற மாதிரி அடையாளமும் நம்பரும் அடிச்சிருக்கும், சேர்ந்த ஆளுக்கு ஒண்ணு, கயித்துல கோர்த்து கழுத்துல மாட்டிக்கணும். வில்லையக் காட்டுனா கப்பல், ரயில், வழிச் சாப்பாடு எதுக்கும் கையில இருந்து காசு கொடுக்க வேண்டியதில்ல. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அரசாங்கம் அந்தச் செலவ தோட்டத்துக் கணக்குல எழுதும், தோட்டம் அதைத் திருப்பி ஆள் தலையில கடனா எழுதும், ஆக மனுசன் தோட்டத்துல கால் வைக்கும்போதே கடன்காரனாத்தான் வைப்பான்.

அந்தக் கடன் கதை இத்தோட முடியல. "துண்டு"ன்னு ஒண்ணு இருந்துச்சு, உங்க பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. இன்ன கங்காணியோட ஆளுங்களுக்கு இவ்வளவு கடன் இருக்கு, அதைக் கட்டுனா இவங்கள விட்டுர்றேன்னு துரை எழுதிக் கொடுக்கிற கடுதாசிதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கிட்டு அடுத்த தோட்டத்துக்கு போவாரு, அங்க இருக்கிற துரை பணத்தைக் கட்டுவாரு, கடன் அப்படியே புதுத் தோட்டத்துக்கு மாறும், சில சமயம் கூடவும் செய்யும். லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டுல, தூங்கிக்கிட்டு இருக்கிறவனுக்கு தன்னைய யாரு எவ்வளவுக்கு வாங்குனாங்கன்னே தெரியாது. 1921ல சட்டம் போட்டுத்தான் இதை ஒழிச்சாங்க.

டின் டிக்கட்டுக்கு முந்தி வந்தவங்க பாடு இன்னும் மோசம். தேயிலைக்கு முந்தி கோப்பி போட்ட காலத்துல தோணியில வந்து மன்னார் பக்கம் எறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல நடை. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழிநெடுக விழுந்தாங்க, விழுந்தவங்கள தூக்க ஆளில்ல. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில, உசுரோட வந்து சேர்ந்தவங்க மொத மொதல்ல கும்பிட்ட எடம்னு பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. தலைமன்னாருக்கு ரயில் பாதையும் தனுஷ்கோடி கப்பலும் 1914லதான் வந்துச்சு.

ஒரே ஒரு வேல செய்யுங்க தங்கச்சி. ஒரு தாள்ல தாத்தா பேரு, அவரோட அப்பா பேரு, இந்தியாவுல எந்த ஊரு, இங்க எந்தத் தோட்டம், எந்த டிவிசன், தெரிஞ்ச மட்டும் எழுதி அந்த வில்லையோட சேர்த்து வைங்க. அந்தத் தகரத்துல தோட்டத்துக்கும் நம்பருக்கும்தான் எடம் இருந்துச்சு, பேருக்கு எடமில்ல. அதை நீங்கதான் எழுதணும், வேற யாரும் எழுதப் போறதில்ல.

கேள்வி: பொகவந்தலாவ சேர்ச் தோட்டத்துல உலகப் புகழ் பெற்ற ஒரு போட்டோக்காரம்மா கல்லறை இருக்காம், அவங்க சவப்பெட்டியோடயே இலங்கைக்கு வந்தாங்களாம். யாரோ கட்டிவிட்ட கதை மாதிரி இருக்கே?
(ஒரு ஆசிரியர், ஹட்டன்)

பதில்: கதையில்லைங்க ஐயா. ஜூலியா மார்கரெட் கேமரன்னு பேரு. 1815ல கல்கத்தாவுல பொறந்தவங்க. நாப்பத்தெட்டு வயசுல மகளும் மருமகனும் பரிசா கொடுத்த ஒரு கெமராவ வச்சுத்தான் படம் எடுக்கவே ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்கள வளர்த்து முடிச்ச வயசு அது. அப்புறம் டார்வின், கவிஞர் டென்னிசன், வானத்தை ஆராய்ஞ்ச ஹெர்ஷல்னு பெரிய பெரிய ஆளுங்க முகத்தையெல்லாம் கிட்டத்துல வச்சு எடுத்தாங்க. அந்தக் காலத்துல கண்ணாடித் தகட்டுல மருந்து பூசி ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து கழுவியும் ஆகணும், கையெல்லாம் கறுத்துப் போகும். இன்னைக்கு போன்ல தட்டுற நமக்கு அது புரியாது.

அவங்க வீட்டுக்காரர் சார்ல்ஸ் ஹே கேமரனைத்தான் நம்ம சரித்திரப் புத்தகத்துல கோல்புரூக் கேமரன் ஆணைக்குழுன்னு படிச்சிருப்பீங்க, 1833ல இலங்கை நிர்வாகத்தையே மாத்துன ஆணைக்குழு, ராஜகாரியம்ங்கற கட்டாய வேலைய ஒழிச்சதும் அந்தக் காலத்துலதான். அவருக்கு இங்க கோப்பித் தோட்டங்கள் இருந்துச்சு. 1875ல ரெண்டு பேரும் இங்கிலாந்தை விட்டுட்டு இங்கயே வந்துட்டாங்க, வரும்போது இலங்கையில நல்லதா கெடைக்குமோ கெடைக்காதோன்னு சவப்பெட்டி ரெண்டையும் கப்பல்ல ஏத்துனாங்க, வெறும் பெட்டியா எதுக்குன்னு உள்ள பீங்கானும் கண்ணாடிப் பாத்திரமும் அடுக்கி, கூட ஒரு மாடும் கொண்டு வந்தாங்க. 1879 ஜனவரில டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்து பங்களாவுல அந்தம்மா கண்ண மூடுனாங்க, மறு வருஷம் அவரும் போயிட்டாரு. ரெண்டு பேரும் பொகவந்தலாவ சென்ட் மேரிஸ் சேர்ச்சுலதான் இருக்காங்க, போனா பாக்கலாம். எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபுக்கு இவங்க பாட்டி முறை, அந்த வர்ஜீனியாவ கட்டிக்கிட்ட லியோனார்ட் வூல்ஃப் யாழ்ப்பாணத்துலயும் கண்டியிலயும் அம்பாந்தோட்டையிலயும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவரு. எங்க இருந்து எங்க சுத்தி வருது பாருங்க.

எனக்கு மனசுல நிக்கிறது வேற. இலங்கைக்கு வந்தப்புறம் அவங்க எடுத்த படங்கள்ல கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு, அதுல சிலது தோட்டத்துல வேல செஞ்ச நம்ம சனங்க. இங்கிலாந்துல எடுத்த முகங்கள்ல நெறைய பேருக்கு பேரு இருக்கு, வேலைக்காரியா இருந்த மேரி ஹில்லியருக்குக் கூட பேரு இருக்கு. இங்க நின்ன பொம்பளைக்கு பேரு இல்ல. அந்த முகத்தை ஒரு தடவ பாருங்க ஐயா, நேரா கெமராவப் பாக்கிற பார்வை, நம்ம வீட்டுப் பெரியம்மா பாக்கிற மாதிரியே இருக்கும்.

கேள்வி: தெமோதர லூப்ங்கற ரயில் பாதை வளையம் கங்காணி தலைப்பாவப் பார்த்து போட்டதுன்னு சொல்றாங்களே?
(ஒரு மாணவன், பதுளை)

பதில்: அந்தக் கதைய நானும் சின்னதுல இருந்து கேட்டிருக்கேன் தம்பி. பாதை எப்படிப் போடறதுன்னு தெரியாம இஞ்சினியர் தலையில கை வச்சு உக்காந்திருந்தப்ப, எதிர்ல ஒரு கங்காணி தலைப்பாவ அவுத்து திரும்பக் கட்டுனாரு, அந்தச் சுத்தைப் பார்த்து யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க. கதைய கதையாவே வச்சுக்க. விஷயம் என்னன்னா மலைநாட்டு ரயில் பாதை 44 அடி ஓடுனா ஒரு அடி ஏறலாம் எறங்கலாம், அதுக்கு மேல செங்குத்தா போட்டா இஞ்சின் தாங்காது. தெமோதரைல பள்ளம் திடீர்னு எறங்குது, நேரா போட எடமில்ல. அதனால பாதைய ஒரு மலைய சுத்தி எறக்கி, அதே பாதைக்கு அடியில டனல் போட்டு வெளிய எடுத்தாங்க. ஸ்டேஷன் மேல, டனல் அதுக்கு நேர் கீழ, ஸ்டேஷன்ல நின்ன கோச்சி கொஞ்ச நேரத்துல உன் காலுக்கடியிலயே போகும். பதுளைக்கு ரயில் வந்தது 1924ல. கூட்டிட்டுப் போகச் சொல்லி வீட்டுல கேளு, வீடியோல பாக்கிறது பத்தாது.

கேள்வி: காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுறவரு அழுறப்ப எங்க தோட்டத்துப் பொம்பளைங்க நெசமாவே அழுவாங்க. அது நடிப்புன்னு தெரிஞ்சும் ஏன் அழுறாங்க?
(ஒரு வாசகர், நோர்வூட்)

பதில்: நல்ல கேள்விங்க. மாசி மாசம் அமாவாசை கழிஞ்சு பிறை பார்த்து கம்பம் ஊண்டுனா அன்னைல இருந்து அது கூத்து மட்டும் இல்ல, ஒரு கல்யாண வீடு, அப்புறம் ஒரு எழவு வீடு. தோட்டமே ரெண்டா பிரிஞ்சு பொண்ணு வீடு மாப்பிள்ள வீடுன்னு நிக்கும். ரதியும் மதனும் லயம் லயமா வாசலுக்கு வருவாங்க, ஆரத்தி எடுப்பாங்க, புள்ளைங்கள கையில கொடுத்து ஆசீர்வாதம் வாங்குவாங்க. வேஷம் கட்டுறவங்க விரதம் இருந்து கட்டுறாங்க. அப்படி நாள்கணக்கா நம்ம வீட்டுப் புள்ளையா வந்து போன மதனை கடைசி ராத்திரி சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து எரிச்சா, மனசு சும்மா இருக்குமா. ரதி பாடுற ஒப்பாரியும் நம்ம சாவு வீட்டு ஒப்பாரி மெட்டுதான், ஒவ்வொருத்தியும் தன் வீட்டுல போனவங்கள நெனச்சுத்தான் அழுறா.

இன்னொண்ணு இருக்கு, தப்பு மேளம். ஒரு காலத்துல விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, கூப்பிட அடிச்சதும் அதே தப்புதான். அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு இருட்டுல பெரட்டுக் களத்துல போய் நின்னு பேர் கொடுத்த சனம், மாசி ராத்திரில மட்டும் அதே தப்புச் சத்தத்துக்கு தன் சந்தோஷத்துக்கு கூடுச்சு. எங்களுக்குன்னு இருந்த ராத்திரிங்க அவைன்னு வயசானவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். உங்க தோட்டத்துல இன்னும் நடக்குதுன்னா, பாட்டுங்கள போன்லயாவது முழுசா பதிஞ்சு வைங்க, வாத்தியார் இருக்கும்போதே.

கேள்வி: தியத்தலாவையில வெள்ளைக்காரங்களையே வெள்ளைக்காரன் சிறை வச்சிருந்தானாமே?
(ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: ஆமாங்க. தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களோட சண்டை போட்ட போயர்கள்ங்கற வெள்ளைக்காரங்கள்ல 5,000 பேர் அளவுல 1900ல இருந்து தியத்தலாவ முகாம்ல வச்சிருந்தாங்க. 1901ல அந்தக் கைதிங்க டீம் கொழும்புக்கு போய் கோல்ட்ஸ் கிளப்போட கிரிக்கெட் மேட்ச் கூட ஆடியிருக்கு. 1902ல சண்டை முடிஞ்சதும், பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்றவங்க வீட்டுக்குப் போகலாம்னாங்க. பெரும்பாலானவங்க பண்ணிட்டு கப்பல் ஏறிட்டாங்க. எங்கெல்பிரெக்ட்னு ஒருத்தர் கடைசி வரைக்கும் முடியாதுன்னுட்டாரு. ஊரும் போச்சு, உறவும் போச்சு, அம்பாந்தோட்டைப் பக்கமே தங்கி யால காட்டுக்கு மொத காவலரா வேல பார்த்து இங்கயே செத்தாரு. இன்னைக்கு யாலவுக்கு சிறுத்தை பாக்கப் போறவங்க அந்த மனுசனையும் ஒரு நிமிஷம் நெனைக்கணும்.

கேள்வி: நுவரெலியாவுல யானைக்காரன் கல்லறையில இடி விழுந்துக்கிட்டே இருக்குமாம், நெசமா?
(ஒரு வாசகி, கந்தப்பளை)

பதில்: ஆளு நெசம். மேஜர் ரோஜர்ஸ், பதுளையில அரசாங்க உத்தியோகம், கிட்டத்தட்ட 1,400 யானைய சுட்டவருன்னு கணக்கு. 1845ல அப்புத்தளையில மின்னல் அடிச்சு செத்தாரு, நுவரெலியாவுல பொதைச்சாங்க. கல்லறைக்கும் இடி விழுந்துச்சுன்னு ஊருல பேச்சு. யானையக் கொன்ன பாவம்தான் தேடி வந்துச்சுன்னு சனங்க நம்புனதுல எனக்கு ஆச்சரியமில்ல. அந்தக் காலத்துல யானை சுட்டா அரசாங்கமே சன்மானம் கொடுத்துச்சு, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. ஹோர்ட்டன் சமவெளில கூட யானை திரிஞ்ச நாடு இது, இப்ப மேல்மலையில ஒண்ணைக் காட்டுங்க பாப்போம்.

கேள்வி: செத்த கோப்பி மரத்துல தேத்தண்ணி மேசை செஞ்சாங்களா?
(ஒரு வாசகர், மடுல்சீமை)

பதில்: உங்க ஊருலதான் அண்ணே ஆரம்பமே. 1869ல மடுல்சீமை கலூல தோட்டத்துல கோப்பி இலையில செம்மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் கண்டாங்க. அது ஒரு பூஞ்சை, காத்துல பரவி மலை மலையா மொட்டையாக்குச்சு. 1880ல மார்ஷல் வார்டுன்னு ஒரு விஞ்ஞானிய அனுப்பி பார்த்தாங்க, நோய் எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிச்சாரு, ஆனா மரத்தைக் காப்பாத்த வழியில்ல. 1884ல ஓரியண்டல் பேங்கே படுத்துருச்சு. சம்பளம் கெடைக்காம எத்தனையோ பேர் வந்த வழியே திரும்பி நடந்தாங்க. நல்லவேளையா 1867லயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவுல 19 ஏக்கர் தேயிலை போட்டிருந்தாரு, மத்த தொரைமாரும் அதைப் பார்த்து கோப்பிய புடுங்கிட்டு தேயிலை வச்சாங்க. புடுங்குன கோப்பிக் கட்டைங்கள பட்டை உரிச்சு இங்கிலாந்துக்கு ஏத்துனாங்க, அங்க அது டீ மேசைக்கு காலாச்சு. புடுங்குனது, உரிச்சது, தலையில சுமந்து ரோட்டுக்கு கொண்டு வந்தது எல்லாம் நம்ம ஆளுங்கதான் அண்ணே.