டேங்கில் ஊற்றும் டானிக்: டீசல் அடிட்டிவ் பற்றிச் சில கேள்விகள்

டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றி மாட்டுவதே இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பிழைப்பு. டீசலின் குணத்தை மேம்படுத்தவென்று டேங்கில் ஊற்றும் அடிட்டிவ் பாட்டில்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். டேங்கில் ஊற்றியது எதுவானாலும் டீசல் போகும் வழியில்தான் போகும்: டேங்க், ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர், சிலிண்டர், கடைசியில் புகைக்குழாய். அந்த வழியில் இல்லாத கோளாறை அது எட்டிக்கூடப் பார்க்காது.

கேள்வி: கார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு முறை டீசல் நிரப்பும்போதும் ஒரு பாட்டில் ஊற்றினால் இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும் என்று நண்பர் சொல்கிறார். தேவையா ஐயா?

தேவையில்லை. நீங்கள் வாங்கும் டீசலிலேயே அடிட்டிவ் இருக்கிறது. உராய்வைக் குறைக்க ஒன்று, துருவைத் தடுக்க ஒன்று, நுரையை அடக்க ஒன்று என்று சுத்திகரிப்பு ஆலையிலோ டிப்போவிலோ கலந்துதான் அனுப்புகிறார்கள். நல்ல டீசல், நேரத்துக்கு ஃபில்டர், குறித்த இடைவெளியில் இன்ஜின் ஆயில்: இந்த மூன்றும் சரியாக இருந்தால் புது வண்டிக்கு வேறு டானிக் வேண்டாம். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால், பாட்டில் வாங்குவதைவிட வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: “எல்லாம் ஒரே பாட்டிலில்” என்று போட்டிருக்கிறார்களே, அதற்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது?

நல்ல கேள்வி. பாட்டிலின் முன்பக்கத்தைப் படிப்பவர்கள் அதிகம், பின்பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு.

முக்கியமான சரக்கு டிடர்ஜென்ட். சோப்பு மாதிரிதான். மூலக்கூறின் ஒரு முனை அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை டீசலோடு கரையும். இதற்கு எங்கே வேலை? இன்ஜெக்டரின் நாசில் துளை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் 2000 பாரைத் தாண்டுகிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான் என்று எண்ணிப் பார்த்தால் அளவு புரியும். அத்தனை சின்னத் துளையின் ஓரத்தில் கரி படிந்தால் டீசல் பனிப்புகையாகத் தூவாமல் தாரையாக விழும். டிடர்ஜென்ட் அந்தக் கரியை மெல்ல மெல்லக் கரைக்கும். இன்ஜெக்டருக்கு உள்ளே ஊசியில் அரக்கு போலப் படியும் பசையையும் தொடும். பாட்டிலில் நான் மதிக்கிற பொருள் இது ஒன்றுதான்.

அடுத்தது சீட்டேன் கூட்டும் பொருள். பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். டீசல் தூவப்பட்ட கணத்துக்கும் அது பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் இடையில் ஒரு சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீட்டேன் எண் அதிகம். தாமதம் நீண்டால் சேர்ந்துபோன டீசல் மொத்தமாக வெடிக்கும். காலையில் கேட்கிற அந்த ‘டக டக’ சத்தம் அதுதான். ஐரோப்பியத் தரமான இஎன் 590 குறைந்தது 51 கேட்கிறது. அமெரிக்கத் தரத்துக்கு 40 போதும். உங்கள் டீசல் ஏற்கெனவே 51-க்கு மேல் இருந்தால் இன்னும் கூட்டி நீங்கள் உணரப்போவது மிகக் குறைவு. 40-ஐ ஒட்டி இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆவதிலும் சத்தத்திலும் வித்தியாசம் தெரியும். அதற்கு முன், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் நான்கும் சரியாகச் சூடாகின்றனவா என்று பாருங்கள். காலைச் சத்தத்துக்கும் வெள்ளைப் புகைக்கும் பாதி நேரம் அதுதான் காரணம்.

மீதி உராய்வு குறைக்கும் பொருளும், இவற்றையெல்லாம் கரைத்து வைக்கும் கரைப்பானும். பல பாட்டில்களில் கரைப்பான்தான் பெரும்பங்கு.

கேள்வி: என்னிடம் பழைய வண்டி, மெக்கானிக்கல் பம்ப். இப்போது வரும் டீசலில் கந்தகம் இல்லாததால் அது ‘வறண்ட’ டீசல், பம்ப் தேய்ந்துவிடும் என்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் கலக்கலாமா அண்ணா?

பாதி உண்மை. உங்களுடையது ரோட்டரி வகை பம்ப் என்றால் அதற்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு உயவு. ஐரோப்பாவில் 2000-இல் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்த கந்தக வரம்பு 2009 முதல் 10 பங்கு ஆகிவிட்டது. ஆனால் வழுவழுப்பைத் தந்தது கந்தகம் அல்ல. கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனோடு சூடாக்கும்போது, உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும் வேறு சில சேர்மங்களும் போய்விடுகின்றன. இழந்ததை ஈடுகட்டத்தான் ஆலையிலேயே உயவுப் பொருள் சேர்க்கிறார்கள். அதைச் சோதிக்க ஓர் எஃகுக் குண்டை டீசலில் மூழ்கிய தட்டின் மேல் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது. 2 சதவீதம் பயோடீசல் கலந்தாலே இந்தச் சோதனையில் நன்றாகத் தேறிவிடும்.

ஆகவே தரமான டீசல் போட்டால் பயம் வேண்டாம். உங்கள் பம்ப்பைக் கொல்வது மண்ணெண்ணெய்க் கலப்படம்தான். டூ ஸ்ட்ரோக் ஆயில் பழைய பம்ப்புக்குப் பெரிய கேடு செய்துவிடாது. ஆனால் அது டீசலுக்காகச் செய்யப்பட்டதல்ல. மனம் கேட்கவில்லையென்றால் டீசலுக்கென்றே விற்கும் உயவு அடிட்டிவை வாங்குங்கள். காமன் ரயிலும் டிபிஎஃப்பும் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிக்காரர்கள் இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் வாங்கப் போகவேண்டாம். அதன் சாம்பல் அந்த டிபிஎஃப்பில்தான் போய் உட்காரும்.

கேள்வி: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார். பிக்கப் குறைந்துவிட்டது, ஏற்றத்தில் கறுப்புப் புகை. இன்ஜெக்டர் கிளீனர் இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டேன், மாற்றமில்லை. மூன்றாவதும் ஊற்றவா?

வேண்டாம், நிறுத்துங்கள். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். பாதி வழக்குகளில் தப்பு டீசல் பக்கம் இல்லை, காற்றுப் பக்கம். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காற்றை அழுத்தும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீளம் கிழிந்திருந்தாலே நீங்கள் சொல்கிற அத்தனை அறிகுறியும் வரும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் கரியும் ஆயிலும் குழைந்த களிம்பால் அடைந்திருக்கலாம். அந்த வழியில் டீசல் போவதே இல்லை, பிறகு டீசலில் ஊற்றிய கிளீனர் எப்படிப் போகும்? அதைக் கழற்றித்தான் சுரண்டவேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவில் எவ்வளவு திருத்தம் காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு, இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் மிச்ச டீசலை அளக்கும் ரிட்டர்ன் சோதனை: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறு குப்பிகளில் விட்டு இன்ஜினை ஓடவிடுவது. ஒரு குப்பி மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டரின் உள் வால்வு தேய்ந்துவிட்டது. டிடர்ஜென்ட் அழுக்கைக் கரைக்கும், தேய்ந்த இரும்பை வளர்க்காது. ஒருவர் ஆறு மாதம் விதவிதமான பாட்டில்களாக ஊற்றிவிட்டு என்னிடம் வந்தார். பழுது, மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர். அந்த வாஷர் பாட்டில் மூடியைவிடச் சிறியது.

கேள்வி: டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. டேங்கில் ஊற்றும் டிபிஎஃப் கிளீனர் உதவுமா?

ஓரளவு. அந்த ஃபில்டரில் இரண்டு பொருள் சேர்கிறது: கரி, சாம்பல். கரி எரியும், சாம்பல் எரியாது. கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வேண்டும். டீசலில் சீரியம் அல்லது இரும்புச் சேர்மம் கலந்தால் 450 டிகிரி அளவிலேயே எரியத் தொடங்கும். இது பாட்டில்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. பிரெஞ்சு கார் நிறுவனமான பியூஜோ 2000-இல் 607 மாடலில் இதற்கென்று தனிச் சிறு டேங்க்கே வைத்து வந்தது. ஆகவே கொள்கை சரி. ஆனால் அந்த உலோகமும் கடைசியில் சாம்பலாகத்தான் ஃபில்டரில் தங்கும். எப்போதாவது ஒருமுறை ஊற்றலாம், பழக்கமாக்கக்கூடாது.

உங்களுக்கு விளக்கு ‘அடிக்கடி’ எரிகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. குறுகிய ஓட்டத்தில் ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது) பாதியில் நிற்கிறதா, இல்லை சென்சாரா, இன்ஜெக்டரா என்று பார்க்கவேண்டும். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், ரீஜெனரேஷனுக்காகக் கூடுதலாகத் தூவிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. அப்போது முதல் வேலை ஆயிலை மாற்றுவது. சாம்பல் குறைந்த ரக ஆயிலாகப் போடுங்கள்.

கேள்வி: அட்ப்ளூவும் ஒரு அடிட்டிவ்தானே? தவறுதலாக டீசல் டேங்கில் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

ஸ்டார்ட் செய்யாததுதான் நீங்கள் செய்த பெரிய புத்திசாலித்தனம். சாவியைக்கூடப் போடவேண்டாம். சாவி போட்டாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். அட்ப்ளூ டீசலுக்கான அடிட்டிவ் அல்ல. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். அது புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் தூவப்படுவது. டீசலைவிடக் கனமானதால் டேங்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்தில்தான் போய் நிற்கும். அங்கிருந்து போனால் படிகமாகி, பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அரிக்கும். வண்டியைக் கட்டி இழுத்துப்போய் டேங்க்கை இறக்கிக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: கடுங்குளிர்ப் பகுதிக்குக் காரில் போகிறோம். டீசல் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றும் மருந்து பலன் தருமா?

தரும், ஆனால் முன்கூட்டியே ஊற்றினால் மட்டும். டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் முதலில் டீசல் கலங்கும், பிறகு மெழுகுத் தகடுகள் ஒன்றோடொன்று கோத்து ஃபில்டரை அடைக்கும். இந்த மருந்து மெழுகைக் கரைப்பதில்லை, படிகங்கள் பெரிதாகாமல் பொடியாகவே இருக்கச் செய்கிறது. அதனால் படிகம் உருவாவதற்கு முன்பே டீசலில் இருக்கவேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் அது மேலே மிதக்கும், நீங்கள் கீழே நடுங்கிக்கொண்டிருப்பீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பகுதியின் குளிர்கால டீசலை நிரப்பிவிடுங்கள், மருந்தே வேண்டாம். பெட்ரோல் கலக்கும் பழைய வித்தையைக் காமன் ரயில் வண்டியில் கனவிலும் செய்யாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதம் நின்ற கார். டீசல் ஃபில்டரைத் திறந்தால் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ இருக்கிறது. கிளீனர் ஊற்றிச் சரிசெய்யலாமா?

அது அழுக்கல்ல, உயிர். டேங்கின் அடியில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்னும். பயோடீசல் கலந்த டீசல் ஈரத்தை அதிகம் இழுப்பதால் அதில் இன்னும் சுகமாக வளரும். சாதாரண கிளீனர் இதற்குப் பயன்படாது, கிருமிநாசினி வகை வேண்டும். அதுவும் கொல்லுமே தவிரப் பிணத்தை அகற்றாது. செத்த கூட்டம் மொத்தமாக வந்து புது ஃபில்டரையும் அடைக்கும். முதலில் டேங்க்கைக் காலி செய்து கழுவுங்கள், தண்ணீரை வடியுங்கள், பிறகு கிருமிநாசினி, கூடவே கையில் மாற்று ஃபில்டர் ஒன்று. கையுறை போடாமல் அந்த மருந்தைத் தொடாதீர்கள். அடுத்த முறை வண்டியை நிறுத்திவைக்கும்போது டேங்க்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். காற்றிடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் நீரும் குறையும்.

கேள்வி: மைலேஜ் முப்பது சதவீதம் கூட்டும் மாத்திரை?

டயரில் காற்றைச் சரிபாருங்கள்.

கேள்வி: அசிட்டோன் கலந்தால் நன்றாக எரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ரப்பர் சீல்கள் ஊதிப் பிதுங்கும். அதற்குப் பிறகு என்னிடம்தான் வருவீர்கள்.

கேள்வி: சரி, டிடர்ஜென்ட் ஒன்று ஊற்றிப் பார்ப்பதாக முடிவு செய்துவிட்டேன். எப்படி ஊற்றவேண்டும்? இரண்டு மடங்கு ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகுமா?

ஆகாது. பாட்டிலில் போட்ட அளவு எத்தனை லிட்டர் டீசலுக்கு என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். டேங்க் கால் அளவில் இருக்கும்போது மருந்தை முதலில் ஊற்றி, அதன்மேல் டீசலை நிரப்பினால் தானே கலந்துவிடும். ஒரே டேங்கில் அற்புதம் எதிர்பார்க்கவேண்டாம், இரண்டு மூன்று டேங்க் ஓடட்டும். நகரத்துக்குள் நின்று நின்று ஓடுவதைவிட நீண்ட ஓட்டத்தில் வேலை செய்யும். பழைய வண்டியாக இருந்தால் டேங்கில் பல ஆண்டு படிந்ததும் கிளம்பி வரலாம், ஆகவே அந்த டேங்குகள் தீர்ந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ‘தண்ணீரை அகற்றும்’ என்று போட்டிருந்தால் எப்படி அகற்றுகிறது என்று படியுங்கள். தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்குகிற ரகம் நல்லது, வடிகாலைத் திறந்து வெளியேற்றிவிடலாம். டீசலோடு குழைத்து இன்ஜெக்டர் வழியாக அனுப்புகிற ரகம் காமன் ரயிலுக்கு ஆகாது. மூன்று டேங்க் ஓடியும் ஸ்கேனரில் அந்தத் திருத்த அளவுகள் அப்படியே நின்றால் நான்காவது பாட்டிலைத் திறக்காதீர்கள், இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடச் சொல்லுங்கள்.