அம்மாவின் தலையில் எடுத்த கட்டி வாயிலிருந்து பரவியதா?

ஹட்டனிலிருந்து எழுதிய மகளுக்கு,

முதலில் அந்த இன்டர்நெட் தேடலை நிறுத்துங்கள். அம்மாவின் தலையில் வெட்டி எடுத்த கட்டிக்கு ‘அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அந்தப் பெயரைத் தேடினால் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்றுதான் வரிசையாக வரும், உடனே வெற்றிலை போட்ட வாயில் தொடங்கித் தலைக்கு ஏறிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். இதே கட்டி தோலிலேயே தனியாகவும் தொடங்கும். மிக அரிது, ஆனால் அப்படித் தொடங்கும்போது அதிகம் வருவது தலைத்தோலில்தான். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் வாய்க்குள்ளும் டொக்டர் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் எடுத்த பிறகுதான் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியும். இன்னும் செய்யவில்லையா? டொக்டரிடம் கேளுங்கள். தோலில் தொடங்கியதுதான் என்றால், அது மெதுவாக வளர்வது, தூரத்து உறுப்புகளுக்குப் போவது குறைவு. எடுத்த இடத்திலேயே திரும்ப வருவதுதான் அதன் தொல்லை.

கொழுந்து பறிக்கும்போது தலையில் மாட்டும் கூடைக் கயிறு உரசியதாலோ தலைச்சாயத்தாலோ இது வரவில்லை, பிள்ளைகளுக்குத் தொற்றவும் செய்யாது. வெற்றிலை, புகையிலையை எப்படியும் விடச் சொல்லுங்கள், அது வாய்ப் புற்றுநோய்க்காக.

எனக்குக் கவலை தந்தது, கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: ‘தழும்பைச் சுற்றி மரத்துப்போவது கூடுகிறது, இரவில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம்.’ வெட்டிய இடத்தில் கொஞ்சம் மரப்பு இருப்பது சாதாரணம், ஆனால் அது நாள் போகப் போகக் குறைய வேண்டும். இந்தக் கட்டிக்கு நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் குணம் உண்டு, மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் பார்மசியில் கேட்டு வாங்கிய ஒயின்ட்மென்ட்டைப் பூசிக்கொண்டு இருக்கிறீர்களே! கட்டி இருந்த காலத்திலும் இதைத்தானே பூசினீர்கள், என்ன குறைந்தது?

அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ரிப்போர்ட்டோடு, கட்டியை எடுத்த சத்திரசிகிச்சை டொக்டரிடம் கூட்டிப் போங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சம் இருக்கிறதா, நரம்புக்குள் போயிருக்கிறதா. இருக்கிறது என்றால் இன்னும் அகலமாக வெட்ட வேண்டிவரலாம், கதிர்வீச்சும் தேவைப்படலாம், அதற்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் தருவார்கள்.

அப்புறம், இது பல வருடம் கழித்தும் திரும்பி வரக்கூடியது. தோட்டத்தில் பேர் போட முடியாமல் அன்றைய சம்பளம் போகிறதே என்று அம்மா கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.